பதினொரு மணி வெயில்

"இந்த மாத்திரை தானா ஒண்ணும் பண்ணாது" என்றார்
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் ஜெசிந்தா,
என் விரல்நுனிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டபடி.
"ஒன்பது மணிக்குச் சாப்பாட்டோட போடுங்க.
ரத்தத்தில் ஏறி ரெண்டு மணி நேரத்தில் தோலுக்கு வரும்.
அங்கே செல்லுக்குள்ளே ஒரு முறுக்கு ஏணி.
படிக்கும் படிக்கும் இடையில் செருகி உட்காரும்.
வெயில் பட்டால்தான் வேலை.
படாவிட்டால்
நாளைக்குள் மூத்திரத்தில் போய்விடும்."

புரிந்தது.
ஆள் ஏறியாச்சு, இன்ஜின் உறுமுது,
நான் விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும்.

ஒருநாள் விட்டு ஒருநாள்
ஜங்ஷனில் நாலு இட்லி, ரெண்டு மாத்திரை.
ஒன்பது பத்துக்கு எடுத்தால் பத்தே முக்காலுக்குப் பாபநாசம்.
சேரன்மகாதேவியில் டிக்கெட் கிழிக்கையில்
அது குடலில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.
கல்லிடைக்குறிச்சியில் கழுத்துக்கு வந்திருக்கும்.
அம்பாசமுத்திரம் தாண்டினால் கைக்கு.

"கார்போக அரிசிதான்வே இது" என்பான் டிரைவர் ஆவுடையப்பன்.
"நாட்டு மருந்துக் கடைச் சரக்கு.
கம்பெனிக்காரன் சட்டை மாட்டி விட்டிருக்கான்."

கண்ணுக்குள்ளேயும் போகுமாம் அது.
பொழுது அடையும்வரை கறுப்புக் கண்ணாடி.
"அண்ணாச்சி என்ன, ஷூட்டிங்கா?" என்று
பின் சீட்டுக் காலேஜ் பிள்ளைகள் சிரிக்கும்.
சிரிப்பவர்கள் பரவாயில்லை.
"பாக்கி இருக்கட்டும்" என்று ஜன்னல் பக்கம் திரும்புகிறவர்கள்தான்
என் கையில் இருக்கிற எட்டு ரூபாயை
எனக்கே தானம் பண்ணிவிட்டுப் போகிறவர்கள்.

ஆனியில் பொதிகையிலிருந்து மேகம் இறங்கியது.
ரத்தம் முழுக்க மருந்து, மேலே சாரல்.
பதினொன்று, பதினொன்று பத்து,
ஒரு கோடு வெளிச்சம் இல்லை.
திரும்புகையில் வீரவநல்லூருக்கு அப்பால் வானம் வெளுத்தது.
காற்றுக்காகப் படியில் நின்று வந்தேன்.
மறுநாள் இடது காது கொப்புளித்துத் தொங்கியது.
மருந்துக்கு டைம் கீப்பர் கிடையாது.
உடம்பில் இருக்கும்வரை
எந்த வெயிலும் அதற்கு விசில்தான்.

மூன்றாம் மாதம்
புறங்கையில் ஒவ்வொரு முடியின் அடியிலும்
கடுகளவு பழுப்பு.
மயிர்க்கால் குழிக்குள் பதுங்கிய நிறமெல்லாம்
மெள்ள மேலே ஏறி வருகிறதாம்.
ராத்திரி விளக்கடியில் எண்ணினேன்,
அறுபத்து மூன்று.

"விரல்நுனி?" என்று கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
"அங்கே முடி இல்லையே."

இருந்தாலும் நுனிக்கும் வெயில் காட்டத்தான் செய்தேன்.
பாபநாசம் ஸ்டாண்டில், காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு,
பனியனோடு, கறுப்புக் கண்ணாடியோடு,
ஆறு நிமிடம் புறங்கை, ஆறு நிமிடம் உள்ளங்கை.
ஆடி அமாவாசை.
ஆற்றில் முங்கி ஈரத்தோடு வந்த ஒரு அம்மா
மலர்ந்த என் உள்ளங்கையில்
இரண்டு ரூபாய் வைத்தாள்.
வைக்கும்போது
அவள் விரல் என் விரலில் நன்றாகவே பட்டது.

கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம்.
ஆவுடையப்பன் ஹாரன் அடித்தான். பைக்குள் போட்டேன்.
சில்லறை எப்போதும் தட்டுப்பாடு.

இரவு டிப்போவில்
கேஷியர் பூதலிங்கம் மூன்று தரம் எண்ணினார்.
குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்,
கூடினால் எழுதி வாங்குவார்கள்.
"ரெண்டு ரூவா கூட இருக்கே, எங்கன இருந்து வந்துச்சு?"

"வெயில்ல வந்துச்சு சார்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
பேப்பரை நீட்டினார்.
காது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
விளக்கம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
வெள்ளை விரலால் பேனாவைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.